அற்புதராணி தைத்த கடலுடுப்பு

என் மச்சாள் அற்புதராணியைப் பற்றி எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. செத்துப்போனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரையும் புண்ணியவதி ஆக்கிவிடுவார்கள். அவளோடு பதினாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த எனக்கு அது முடியாது. அவள் கை சுத்தம், வாய் பொல்லாதது. அவள் செய்த ஒரு காரியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தும் பேசாமலிருந்த என்னையும்தான்.

அவள் என் கணவர் செபநாயகத்தின் தங்கை. எங்கள் வீடு மயிலிட்டிக் கரையில். அவர் கடலுக்குப் போவார், நான் கிழிந்த வலை பொத்துவேன், அவள் தைப்பாள். சிறு வயதில் தாய் செத்ததால் அவளைக் கன்னியாஸ்திரிகள் மடத்தில் விட்டு வளர்த்தார்கள். அங்கே செபத்தோடு தையலும் படித்து, பதினெட்டு வயதில் ஒரு பழைய கைமெசினைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். கலியாணம் பேசினோம். மாப்பிள்ளை வந்து போன பிறகு, "அந்தாளுக்கு ஒரு தோள் பணிஞ்சிருக்கு, சேட்டுத் தைக்கிறது கரைச்சல்" என்றாள். அது அவர்களின் காதுக்கும் போய்விட்டது. அதோடு பேச்சு நின்றது.

ஒரு பெண் படலையைத் திறந்து முற்றத்துக்கு வருவதற்குள் அவளுடைய அளவு முழுவதும் மச்சாளின் மனதில் ஏறிவிடும். நாடா பிடிப்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. இடுப்பு அகன்றவளுக்கு இடுப்பில் சுருக்கு வைக்கக் கூடாது, தோளை அகலமாக்கினால் பார்க்கிற கண் மேலே போய்விடும் என்பாள். மார்பு கனத்தவளுக்கு மெல்லிய வார் தோளை வெட்டும். கட்டையானவளுக்குக் குறுக்குக்கோடு ஆகாது. பிள்ளை பெற்று வயிறு தளர்ந்தவளுக்கு முன்பக்கம் இரட்டைத் துணி. சுருக்கும் மடிப்பும் பலகை போல் இருக்கிறவளுக்குத்தான். இதையெல்லாம் அந்தந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரேயே சொல்வாள். அழுதுகொண்டு போனவர்கள் உண்டு. ஆனால் அடுத்த பெருநாளுக்கு அவர்களே துணியோடு வந்து நிற்பார்கள்.

கடலுடுப்பு தைக்க அவள் பழகியது மடத்தில். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. கிணற்றடியானாலும் கடலானாலும் குறுக்குக்கட்டுத்தான். சேலையை மார்புக்கு மேலே சுற்றிச் செருகிவிட்டால் காரியம் முடிந்தது. நின்று குளிக்க அது போதும். நீந்தப் போனால் காலைக் கட்டும், இல்லாவிட்டால் அவிழ்ந்து மானத்தை வாங்கும். மடத்து விடுதிப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் கடலில் குளிப்பார்கள். அவர்களுக்காக மச்சாள் ஒவ்வொரு துணியையும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, தன் கையில் சுற்றி, வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். வெள்ளை நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். கம்பளி தண்ணீரைக் குடித்து முழங்கால்வரை தொங்கும். மெல்லிய துணி தோலோடு ஒட்டும். நனைந்த பிறகு துணி எப்படி நடக்கும் என்று தெரியாதவள் கடலுடுப்பில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

முப்பத்தெட்டாம் ஆண்டு தை மாதம் அருந்ததிக்கு உடுப்புத் தைக்க அழைப்பு வந்தது. தெல்லிப்பழையில் மலாயாப் பென்சன்காரர் நமசிவாயம் என்றால் எல்லாருக்கும் தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்து, கல்வீடு கட்டி, கார் வாங்கி, குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். ஒரே மகள் அருந்ததி செரம்பானில் பிறந்து, போட் டிக்சன் கடலில் நீந்தப் பழகியவள். பத்தொன்பது வயது. பழைய கடலுடுப்பு உடம்புக்குச் சின்னதாகிவிட்டது. மகளுக்கு மறுப்புச் சொல்லத் தெரியாத தகப்பன், விடியற்காலையில் ஆளில்லாத கரையில் குளிப்பதென்றால் குளிக்கலாம் என்று விட்டுவிட்டார். தாய் குணலட்சுமிக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

அந்த வீட்டுக்குள் எங்கள் சாதி ஆட்களை எடுப்பதில்லை. பின்பக்கத்து மா இடிக்கும் கொட்டிலில் வைத்துத்தான் மச்சாள் அளவெடுத்தாள். தாகத்துக்குச் சிரட்டையில் தண்ணீர் வந்தது. அளவெடுத்து முடிந்ததும் குணலட்சுமி மகளைத் தலை முழுகச் சொன்னார். மச்சாள் தொட்ட தீட்டுக்குத்தான். அருந்ததி மச்சாளை அக்கா என்று கூப்பிட்டதற்கும் ஏச்சு விழுந்ததாம். மச்சாள் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அருந்ததி மேலே ஒடுங்கி, கீழே நன்றாக அகன்ற பிள்ளை. தொடை பெருத்தது. அவள் கேட்கத்தக்கதாகவே தாய் அதைச் சொல்லிக்கொண்டே இருந்ததால், அவள் எந்த நேரமும் தோளைக் குறுக்கிக் கூனி நிற்கப் பழகியிருந்தாள். மலாயாவிலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி கடலுடுப்போடு நிற்கிற படத்தைக் காட்டி, அதே போல வேண்டும் என்றாள்.

"உந்தப் படத்திலை இருக்கிறவளுக்கு இடுப்பே இல்லை, பிள்ளை," என்று மச்சாள் சொன்னாள். "உங்களுக்கு இருக்கு. இருக்கிறதை ஒளிக்கத் தைச்சால் கோணல்தான் வரும். இருக்கட்டும் எண்டு நினைச்சுத் தைக்கவேணும்."

கறுப்புச் சற்றீன் துணியில் தைத்தாள். தோளுக்கு நான்கு விரல் அகலத்தில் வார், அதன் ஓரத்தில் வெள்ளை நாடா. கழுத்தைக் கொஞ்சம் இறக்கி, இடுப்பை உடம்போடு பிடித்து, கீழே தொடைப் பாதிவரை ஒரு குட்டைப் பாவாடை. கால் வீசுவதற்கு இரண்டு பக்கமும் வெட்டு. உள்ளே காற்சட்டை. முதல் நாள் அவள் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் கரையில் இறங்கியபோது நானும் மச்சாளும் பார்த்துக்கொண்டு நின்றோம். கரைக்கும், தண்ணீருக்குள் பாறைத் திட்டாகக் கிடக்கும் முருகைக்கல் பாருக்கும் நடுவில் போய்த் திரும்பிப் போய்த் திரும்பினாள். பொம்பிளைப் பிள்ளை ஒன்று இப்படித் தண்ணீரை வெட்டிப் போனதைக் காணவில்லை என்று என் கணவர் சொன்னார். கரையேறி வந்தவள் கையால் உடம்பை மறைக்காமல், நிமிர்ந்து நின்று தலைமுடியைப் பிழிந்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. மச்சாளின் கண் கலங்கியது. கேட்டால் உப்புக்காற்று என்றாள்.

நான்கு மாதம் அப்படிப் போனது. வைகாசியில் சண்டிலிப்பாயிலிருந்து அருந்ததிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. முன்பு வந்த இரண்டு இடம் காரணம் சொல்லாமல் கைவிட்டதால் குணலட்சுமி இதை எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று நின்றார். மாப்பிள்ளையின் தாயும் இரண்டு தமக்கைமாரும், பெண் கடலில் குளிக்கிறவளாமே, நாங்களும் ஒருநாள் கூடப்போய்க் குளிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணோடு குளிக்கக் கேட்டால் அது குளிக்கிறதுக்கு இல்லை. நனைந்த துணிக்குள் பெண்ணின் உடம்பைப் பார்க்கிறதுக்கு. தேமல் உண்டா, முதுகு வளைவா, கால் எப்படி என்று பார்த்துவிட்டுப் போய்க் கதைப்பார்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு வெட்கமாவது உண்டு.

குணலட்சுமி மச்சாளைக் கூப்பிட்டார். தொடை தெரியக் கூடாது, இடுப்பின் அளவு தெரியக் கூடாது. கணுக்கால்வரை தடித்த துணியில் பாவாடை வேண்டும், முழங்கைவரை கை வேண்டும். இடுப்பில் சுருக்கு வைத்தால் இன்னும் பெரிதாகத் தெரியும் என்று மச்சாள் சொன்னாள், நீந்தவும் ஏலாது என்றாள். நீந்துவதற்கு இல்லை, முழங்காலளவு தண்ணீரில் நிற்பதற்குத்தான் என்று பதில் வந்தது. தைத்துக்கொண்டு போனாள். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அருந்ததியை இறக்கிப் பார்த்தார்கள். இறங்கின கையோடு பாவாடை முழுவதும் காற்றுப் பிடித்து இடுப்புக்கு மேலே மிதந்து வந்துவிட்டது. தாய் தலையில் கைவைத்துக்கொண்டு, பாவாடைக் கரையில் பாரத்துக்குச் சதக்காசு வைத்துத் தைக்கலாமா என்று கேட்டார்.

அந்த இடத்தில் மச்சாளுக்குள் இருந்த தையல்காரி முந்திக்கொண்டாள். "காசு நூலை அறுக்கும், அம்மா. வலைக்குப் போடுற ஈயம்தான் நிக்கும்," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தாளாம்.

வீட்டுக்கு வந்து தமையனிடம் ஈயம் கேட்டாள். எதற்கென்று கேட்டு அறிந்ததும் அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "வலைக்கு ஏன் ஈயம் கட்டுறது எண்டு உனக்குத் தெரியாதே?" என்று மட்டும் கேட்டார். அவள் புளியங்கொட்டை அளவான இருபத்துநான்கு ஈயத்தை எண்ணி எடுத்துக்கொண்டு போனாள். பேசி முடித்த வேலையை முடியாதென்று அந்த வீட்டுக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாவாடைக் கரையை மெசினில் ஓட்டாமல், கையால் ஒற்றை நூலில் இளக்கமாக ஓட்டினாள். நூலின் நுனியை வலப்பக்கத்தில் ஒரு விரற்கடை நீளம் வெளியே விட்டாள். அதைப் பிடித்து இழுத்தால் கரை முழுவதும் பிரிந்து ஈயம் கொட்டிப்போகும். உடுப்பைக் கொடுக்கும்போது தாய்க்குத் தெரியாமல் அருந்ததிக்கு அதைக் காட்டினாள். "ஆழத்துக்குப் போகாதேங்கோ. போனாலும் கால் சிக்கினால் உடனே இதை இழுங்கோ. வலக்கைப் பக்கம், மறந்திடாதேங்கோ," என்றாள். அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, தடவிப் பார்த்து நுனியைக் கண்டுபிடித்துக் காட்டிச் சிரித்ததாம். அன்றைக்கு மச்சாள் லேசான மனதோடு வீடு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை மத்தியானம், நமசிவாயம் வீட்டுக் காரோட்டி மார்க்கண்டு அந்த உடுப்போடு எங்கள் படலைக்கு வந்தார். அந்தோனியார் பெருநாள் கிட்டியதால் தைத்த உடுப்பு வாங்கப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முற்றத்தில் இருந்தார்கள். மார்க்கண்டு உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே நின்றுகொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "தையல் பழுதாம். அம்மா உதறிப் பார்க்க ஈயம் கழண்டு விழுந்திட்டுதாம். உனக்கு ஏலாதெண்டால் பட்டணத்துத் தையல்காரனிட்டைக் குடுக்கிறமாம்."

பெண்களில் ஒருத்தி சிரித்தாள். இத்தனை வருடத்தில் அற்புதராணியின் தையல் பிரிந்தது என்று யாரும் சொன்னதில்லை. மச்சாளின் முகம் கறுத்தது. உடுப்பை வாங்கி, மார்க்கண்டை நிற்கச் சொல்லிவிட்டு, அப்படியே மெசினில் உட்கார்ந்தாள். பழைய நூலை உருவி எறிந்தாள். வெளியே விட்டிருந்த நுனியும் அதோடு போனது. கரையை இரண்டு முறை மெசினில் ஓட்டி, அதன் மேல் என்னிடமிருந்த வலைநூலை வாங்கி மெழுகிட்டு, ஒவ்வொரு ஈயத்துக்கும் தனித்தனி முடிச்சுப் போட்டாள். நான் பக்கத்தில் இருந்து நூல் வெட்டிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. சிரட்டையில் தண்ணீர் கொடுக்கிறவர்கள் எங்கள் தையலைப் பழுதென்று சொல்வதா என்று எனக்கும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"இனி இழுத்தாலும் வராது எண்டு சொல்லு," என்று சொல்லி அவள் உடுப்பை மார்க்கண்டின் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தாயிடம் சொன்னார். மகளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாள் விடிய இரண்டு கார் வந்தது. அருந்ததியின் தாயும் மாப்பிள்ளை வீட்டார் மூவரும் குறுக்குக்கட்டோடு முழங்காலளவு தண்ணீரில் நின்றார்கள். அருந்ததி அந்தப் பெரிய பாவாடைக்குள் நடுவில் நின்றாள். அவர்கள் செம்பால் அவளுக்கு வார்ப்பதும் சுற்றிவந்து பார்ப்பதுமாக இருந்தார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளையின் தமக்கை ஒருத்தி, உண்மையிலேயே நீந்தத் தெரியுமோ, காட்டும் பார்ப்போம் என்றாள். குணலட்சுமி வேண்டாம் என்றார். அருந்ததி தாயின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள், குனிந்து பாய்ந்தாள்.

அது சோளகக் காற்றின் காலம். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் குளம் போலக் கிடக்கும், பாரைத் தாண்டினால் வெளியே இழுக்கும். பார்வரை அவள் நன்றாகத்தான் போனாள். திரும்பும்போது ஆளைக் காணவில்லை. ஒரு தரம் தலை தெரிந்தது. பிறகு கை மட்டும் தெரிந்து உள்ளே போனது. திரும்பவும் குனிந்து எதையோ தேடுகிறவள் போல உள்ளே போனாள். கரையில் நின்றவர்கள் அவள் சுழியோடி, தண்ணீருக்குள் மூழ்கிக் காட்டுகிறாள் என்று நினைத்தார்கள். நான் குழறிக் கத்தினேன். கடலிலிருந்து வந்துகொண்டிருந்த என் கணவர் வள்ளத்தைத் திருப்பி, பாய்ந்து, தூக்கி வந்து மணலில் கிடத்தியபோது உயிர் இல்லை.

பாவாடை இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. ஒரு ஈயம்கூட விழவில்லை. வலக்கை பாவாடைக் கரையை இறுக்கிப் பிடித்திருந்தது. இரண்டு நகம் கிழிந்திருந்தது. என் கணவர் அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சாள் ஓடிவந்தவள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

மரண விசாரணையில் தற்செயலாக மூழ்கியது என்று எழுதினார்கள். உடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பற்றி ஊர் முழுவதும் கதைத்தது. சாகிற நேரத்திலும் சீலை விலகாமல் பிடித்துக்கொண்டு செத்த பிள்ளை என்று முதலில் சொன்னது மாப்பிள்ளையின் தாய். அது தெல்லிப்பழைக்குப் போய், சண்டிலிப்பாய்க்குப் போய், செத்தவீட்டில் ஒப்பாரியாகவும் வந்தது. பெண் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு அது நல்ல கதையாகிவிட்டது.  குணலட்சுமி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு நடமாடினார் என்று சொன்னார்கள்.

மச்சாள் பெருநாள் உடுப்புகளைத் தைத்து முடித்துக் கொடுத்தாள். அதன் பிறகு மெசினில் கை வைக்கவில்லை. சோறு போட்டால் பிசைவாள், வைத்துவிடுவாள். ஒருநாளும் அழவில்லை.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் பிள்ளையின் அந்தியேட்டிக் கிரியை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் குணலட்சுமி எங்கள் படலையடியில் காரை நிறுத்தச் சொன்னார். தனியே உள்ளே வந்து முற்றத்தில் நின்றார். ஆள் பாதியாகப் போயிருந்தார். அவருடைய கையில் அருந்ததியின் பட்டுச்சேலை ஒன்று மடித்து இருந்தது. அதை மச்சாளிடம் நீட்டினார்.

"உன்ரை தையல் இறுக்கமாய் இருந்தபடியால்தான் என்ரை பிள்ளை கடைசிவரை மூடினபடி கிடந்தவள். இதை நீ வைச்சுக்கொள்," என்றார்.

வாங்கிக்கொண்டு பேசாமல் இரு என்று நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன். வாங்கியிருந்தால் அந்தத் தாய் தன் பொய்யோடு வீட்டுக்குப் போயிருப்பார், நாங்களும் எங்கள் பாட்டில் இருந்திருப்போம். மச்சாள் சேலையைத் தொடவில்லை.

"அவ மூடப் பார்க்கேல்லை, அம்மா," என்றாள். "கழட்டப் பார்த்தவ."

பிறகு ஒற்றை நூல் ஓட்டியதையும், வலப்பக்கத்தில் நுனி விட்டதையும், அருந்ததி கண்ணை மூடித் தடவிப் பார்த்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குணலட்சுமி கேட்டுக்கொண்டு நின்றார். 

"அப்ப நான் திருப்பி அனுப்பினதாலையோ?"

"நீங்கள் அனுப்பினனீங்கள். தைச்சது நான்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் தைச்சனீ? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

மச்சாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை.

"தையல் பழுதெண்டு ஊர் கேக்கச் சொல்லிவிட்டியள், அம்மா," என்றாள். "எனக்கு ரோசம் வந்திட்டுது."

குணலட்சுமி எங்கள் முற்றத்து மணலில் அப்படியே உட்கார்ந்தார். சேலை அவர் மடியில் கிடந்தது. சற்று நேரத்தில் மச்சாளும் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. மார்க்கண்டு காரிலிருந்து இரண்டு மூன்று தரம் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நான் அவரைக் கையால் மறித்து, வெளியே போய் நிற்கச் சொன்னேன்.